தண்ணீருக்கும் வயது எழுதுங்கள்

தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நிறம், மணம், கலங்கல், கார அமிலத் தன்மை, கரைந்த உப்புகளின் மொத்த அளவு (டிடிஎஸ் என்றால் எல்லோருக்கும் புரியும்), கடினத்தன்மை, குளோரைடு, சல்பேட், நைட்ரேட், புளோரைடு, இரும்பு என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த 31 வருடங்களில் அந்தக் கட்டங்களை எத்தனை ஆயிரம் முறை நிரப்பியிருப்பேனோ, கணக்கில்லை. அந்தத் தாளில் இன்னும் ஒரு கட்டம் வேண்டும் என்பது என் கட்சி. அதன் பெயர் வயது.

இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "ஏனுங்க சார், ஆடு மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாத்து வயசு சொல்லலாமுங்க. தண்ணிக்குப் பல்லு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. தண்ணீருக்கும் பல் உண்டு. ஒன்றல்ல, நான்கைந்து வகை உண்டு. அதைப் பிடித்துப் பார்க்கும் வித்தை மனிதனுக்குக் கைவந்து அறுபது, எழுபது ஆண்டுகள் ஆகின்றன.

வயது என்றால் எந்த வயது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எந்த யுகத்தில் சேர்ந்தன என்ற ஆராய்ச்சி இங்கே தேவையில்லை. மழையாக விழுந்து, மண்ணுக்குள் இறங்கி, நீர்மட்டத்தைத் தொட்டு, வெளிக்காற்றோடு உறவு அறுந்ததே, அன்றிலிருந்து இன்று வரை எத்தனை காலம்? அதுதான் நிலத்தடி நீரின் வயது. குழந்தை பிறந்த நேரத்தை வைத்துக் கணிப்பது போல, மழைநீர் பூமிக்குள் புகுந்த நேரத்தை வைத்துக் கணிக்கிறார்கள்.

இளம் தண்ணீரைக் கண்டுபிடிக்க உதவுவது டிரிடியம். ஹைட்ரஜனின் கனமான அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதிரியக்கம் உள்ளது. அரை ஆயுள் 12.3 ஆண்டுகள், அதாவது 12.3 ஆண்டுகளுக்கு ஒருமுறை இருப்பு பாதியாகக் குறையும். இதன் பெரிய வசதி, இது தண்ணீரில் கரைந்திருக்கும் பொருள் அன்று, தண்ணீர் மூலக்கூறாகவே இருக்கிறது. எனவே வழியில் பாறையோடு சேர்ந்து குழப்பம் செய்யாது. அண்டவெளிக் கதிர்களால் வானத்தில் எப்போதும் துளித்துளி உண்டாகிக்கொண்டிருந்த டிரிடியம், 1950-களில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் போட்டி போட்டு வானத்தில் ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தபோது எக்கச்சக்கமாக ஏறியது. 1963-ல் உச்சம். வட அரைக்கோளத்தில் சில இடங்களின் மழையில் இயற்கை அளவைப் போலப் பல நூறு மடங்கு. அதே ஆண்டு ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டு, இனி வானத்தில் வெடிப்பதில்லை என்று நிறுத்தினார்கள். அந்தச் சில ஆண்டுகளின் மழை, உலகம் முழுவதும் நிலத்துக்கடியில் முத்திரை குத்திய கடிதம் போல இறங்கிப் போயிருக்கிறது.

அதனால் ஓர் எளிய சோதனை கிடைத்தது. கிணற்றுத் தண்ணீரில் டிரிடியம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இருக்கிறதா? அப்படியானால் அதில் ஒரு பங்காவது 1950-களுக்குப் பிறகு பெய்த மழை. அறவே இல்லையா? அந்தத் தண்ணீருக்கு அதற்குப் பிந்திய மழையின் சம்பந்தமே இல்லை. இன்றைக்கு மழையில் டிரிடியம் ஏறக்குறைய பழைய இயற்கை அளவுக்கே இறங்கிவிட்டது. ஆகவே இப்போது டிரிடியத்தோடு சேர்த்து, அது சிதைந்து உண்டாகும் ஹீலியம்-3 வாயுவையும் அளக்கிறார்கள். ஊதுபத்தியில் எரியாமல் மிச்சமிருப்பதையும் விழுந்த சாம்பலையும் சேர்த்துப் பார்த்தால், எவ்வளவு நீளப் பத்தி, எப்போது கொளுத்தியது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அந்தக் கணக்குதான்.

இதே வேலையைக் குளிர்சாதனப் பெட்டி வாயுவும் செய்யும். குளோரோபுளோரோ கார்பன்கள் 1930-களில்தான் தயாரிக்கப்பட்டன. அதற்கு முன் காற்றில் இல்லவே இல்லை. வருடா வருடம் ஏறிய அளவு தெரியும். மழைநீரில் கரைந்து போன அளவைப் பார்த்தால் எந்த ஆண்டு மழை என்று தோராயமாகப் பிடித்துவிடலாம். 1987 மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் காற்றில் ஏற்றம் நின்று இறங்கத் தொடங்கியதால் இந்தப் பல் இப்போது கொஞ்சம் மழுங்கிவிட்டது. அணுகுண்டும் ஃப்ரிட்ஜ் வாயுவும் நீரியலுக்கு நாட்காட்டியாக வந்து சேர்ந்தது ஒரு வேடிக்கை. கெட்டதிலும் ஒரு கணக்குப் பிள்ளை வேலை நடந்திருக்கிறது.

பழைய தண்ணீருக்குக் கார்பன்-14. வில்லார்ட் லிபி இந்த முறையைக் கண்டுபிடித்து 1960-ல் நோபல் பரிசு வாங்கினார். எலும்பு, கரி, மரத்துண்டு இவற்றுக்கு வயது சொல்லப் பயன்பட்ட இதை நிலத்தடி நீருக்கும் பயன்படுத்தலாம் என்று ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் ஓட்டோ மியூனிக் 1957-ல் காட்டினார். மண்ணுக்குள் வேர்கள் மூச்சு விடுகின்றன. அந்தக் கரியமில வாயு இறங்கும் மழைநீரில் கரைந்து பைகார்பனேட்டாகிறது. அதிலுள்ள கார்பன்-14, 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். முப்பது, நாற்பதாயிரம் ஆண்டுகள் வரை இந்தக் கடிகாரம் ஓடும். அதற்கு மேல் அளக்க மிச்சம் இருக்காது.

எங்கள் கூடத்தில் சல்பேட் பார்க்கப் பேரியம் குளோரைடு போடுவோம், வெள்ளையாகக் கலங்கும். அந்தக் காலத்தில் கார்பன்-14 சோதனைக்கும் ஏறக்குறைய இதே சமையல்தான், அண்டாவில். கிணற்றடியிலேயே நூறு லிட்டர் அளவில் தண்ணீர் எடுத்து, காரம் சேர்த்து, பேரியம் குளோரைடு போட்டு, கார்பனேட்டை வீழ்படிவாக்கிப் புட்டியில் அடைத்துக் கொண்டுபோவார்கள். இப்போது முடுக்கிக் கருவிகள் கார்பன்-14 அணுக்களை நேராக எண்ணுவதால் ஒரு லிட்டர் போதும். ஒரு சிக்கல் உண்டு. போகும் வழியில் சுண்ணாம்புப் பாறை இருந்தால் அதன் பழங்கார்பன் கரைந்து, தண்ணீரை உள்ளதைவிடக் கிழடாகக் காட்டும். கார்பன்-13 அளவை வைத்து அதைத் திருத்துகிறார்கள். பாலில் தண்ணீர் கலந்ததைக் கழித்துக் கணக்குப் பார்ப்பது போல.

அதற்கும் அப்பால் போக வேண்டுமானால் கிரிப்டான்-81. அரை ஆயுள் சுமார் 2,30,000 ஆண்டுகள். அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடத்தில், ஒவ்வொரு அணுவாக லேசர் ஒளியில் பிடித்து எண்ணும் கருவி செய்தார்கள். எகிப்தின் மேற்குப் பாலைவனச் சோலைக் கிணறுகளில் டன் கணக்கில் தண்ணீரிலிருந்து வாயுவைப் பிரித்து அந்தக் கருவியில் கொடுத்தபோது, 2004-ல் வந்த விடை: இரண்டு லட்சம் ஆண்டுகள் முதல் பத்து லட்சம் ஆண்டுகள் வரை. சகாரா பாலைவனமாக இல்லாமல் மழை கண்ட காலங்களின் தண்ணீர் அது. கனடாவில் டிம்மின்ஸ் பக்கத்துச் சுரங்கம் ஒன்றில் 2.4 கிலோமீட்டர் ஆழத்தில் கசிந்த நீருக்கு, அதில் கரைந்த அபூர்வ வாயுக்களை வைத்து, குறைந்தது 150 கோடி ஆண்டுகள் என்று 2013-ல் கணித்தார்கள். ஆய்வாளர் பார்பரா ஷெர்வுட் லோலர் அதை நாக்கில் வைத்துப் பார்த்தாராம். உப்பும் கசப்புமாக இருந்ததாம். தண்ணீர்க்காரர்கள் எல்லா நாட்டிலும் ஒரே புத்திதான் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

சகாராவும் கனடாவும் நமக்குத் தூரம். நம் நாட்டுக்கு வருவோம். வடக்கு குஜராத்தில், மேசானா பக்கம், ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி கீழே போனது பழைய செய்தி. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் அந்தத் தண்ணீருக்குக் கார்பன்-14 வயது பார்த்தார்கள். ஆரவல்லி மலையடிவாரத்தில் இளம் தண்ணீர். மேற்கே போகப் போக வயது ஏறி, ஓரிடத்தில் 35,000 ஆண்டுகளைத் தாண்டுகிறது. மலையடியில் புகுந்த மழை ஆண்டுக்குச் சில மீட்டர் வேகத்தில் நகர்ந்து அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைசிப் பனியுகத்தின் மழையில் இன்று கோதுமையும் கடுகும் விளைகின்றன. அங்கே சில பட்டைகளில் புளோரைடு அதிகம் இருப்பதற்கும் அந்தப் பனியுகத்து வறட்சிக்கும் தொடர்பு உண்டு என்பது அவர்கள் கருத்து. புளோரைடு கட்டத்தில் சிவப்பு மை போட்டே பழகிய எனக்கு, அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வயது இருக்கக்கூடும் என்பது சாதாரண விஷயமாகப் படவில்லை. தென்னிந்தியாவின் அடைபட்ட ஆழ் நீரில் கடந்த 30,000 ஆண்டுகளின் தட்பவெப்பத் தடயங்களை ஐதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தார் படித்து 1998-ல் எழுதியிருக்கிறார்கள். ஆக, வித்தை நம்மிடம் இல்லாமல் இல்லை. அறிக்கைத் தாளில்தான் இல்லை.

ஒரு எச்சரிக்கை. வயது என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால் அப்படியே நம்பிவிடக் கூடாது. கூட்டுக் குடும்பத்தில் தாத்தாவுக்கு 80, பேரனுக்கு 2. சராசரி 41. ஆனால் அந்த வீட்டில் 41 வயதுக்காரர் ஒருவருமே இல்லை. நம் ஊர்க் கடினப் பாறையில் போடும் போர்வெல்லும் அப்படித்தான். 200 அடியில் ஒரு வெடிப்பு, 600-ல் ஒன்று, 900-ல் ஒன்று என்று பல வெடிப்புகளின் தண்ணீர் ஒரே குழாயில் கலந்து வரும். கார்பன்-14 குறைவாக இருந்து, டிரிடியமும் இருந்தால் தாத்தாவும் பேரனும் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். உலகம் முழுவதும் உள்ள ஆயிரக்கணக்கான கிணறுகளின் தரவுகளை வைத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், 12,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நீர் தரும் கிணறுகளில் ஏறத்தாழ பாதியில் டிரிடியமும் தென்பட்டதாகச் சொல்கிறார்கள். ஆழத்துத் தண்ணீர் என்றால் சுத்தம், சாயக்கழிவும் சாக்கடையும் அங்கே எட்டாது என்று நம்புகிறோமே, அந்த நம்பிக்கைக்கு இது நல்ல மருந்து. பல் பார்க்காமல் ஆழத்தை வைத்து எதையும் ஊகிக்க முடியாது.

இனி முக்கியமான விஷயம். வயதான தண்ணீர் என்றாலே தொடக்கூடாத தண்ணீரா? அப்படி இல்லை. விஷயம் தெரிந்தவர்களே இதில் மாறுபடுகிறார்கள். பழைய வீடுகளில் நெல் குதிர் பார்த்திருப்பீர்கள். மேலே கொட்டுவோம், கீழே துவாரத்தில் எடுப்போம். இருபது மூட்டை கொள்ளும் குதிரில் வருடம் ஒரு மூட்டை கொட்டி ஒரு மூட்டை எடுத்தால், கையில் வருவது இருபது வருட நெல். ஆனாலும் குதிர் குறையாது. எனவே பழசு என்பதாலேயே ஆபத்து இல்லை. அதே கணக்கைத் திருப்பிப் போட்டால்தான் வயதின் அருமை தெரியும். குதிரில் இருபது மூட்டை இருக்கிறது, கீழே வரும் நெல்லுக்கு வயது இருபது என்றால், வருட வரவு ஒரு மூட்டை. இருப்பை வயதால் வகுத்தால் வரவு. நிலத்தடி நீருக்கு வயது பார்ப்பதன் பயன் இந்த ஒரு வகுத்தல்தான். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளப்பது, பணம் எடுத்த பிறகு பாஸ்புக் பார்ப்பது. வயது, சம்பளம் எவ்வளவு என்று எடுப்பதற்கு முன்பே சொல்லும்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. 20 மீட்டர் கனமுள்ள வெடிப்புப் பாறை, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடைவெளி என்று வைப்போம். அதில் நிற்கும் தண்ணீர் 400 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். அதன் வயது 10 என்றால் ஆண்டு வரவு 40 மில்லிமீட்டர். ஓர் ஏக்கருக்குச் சுமார் 1,60,000 லிட்டர். தென்னைக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் வைத்தால், ஏக்கருக்கு எழுபது மரத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதத் தண்ணீர். மீதி மாதங்களுக்கு மழையும் வாய்க்காலும் கை கொடுக்க வேண்டும். சரி, அதே தண்ணீரின் வயது 4,000 என்றால்? வரவு 0.1 மில்லிமீட்டர். ஏக்கருக்கு வருடம் 400 லிட்டர். ஐந்து மரத்துக்கு ஒரு நாள்.

குழாயில் பார்த்தால் இரண்டு தண்ணீரும் ஒன்றுபோலத்தான் கொட்டும். டிடிஎஸ் கூட ஒன்றாக இருக்கலாம்.

மேலே சொன்ன தோட்டக்கார நண்பர் இரண்டு வருடம் முன்பு மூன்றாவது போர் போட்டார். முதல் இரண்டும் காய்ந்துவிட்டன. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காய் வைத்து நடந்து இடம் குறித்தார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்தது. 700 அடி வரை வெறும் புகை. நகைக்கடன் பணம் அடிக்கணக்கில் பறந்துகொண்டிருந்தது. 940-ல் ஒன்றரை இஞ்சுத் தண்ணீர் பீறிட்டதும் அவர் வீட்டு அம்மா சூடம் கொளுத்திக் கும்பிட்டதைப் பார்த்தபோது எனக்கும் தொண்டை அடைத்தது. காய்ந்துகொண்டிருக்கும் மரத்தைத் தினம் பார்த்தவர்களிடம் போய் நீரியல் பேசக் கூடாது. ஆனால் அவருக்கு அந்தத் தண்ணீரைப் பற்றிக் கிடைத்த தகவல் டிடிஎஸ் எண் ஒன்றுதான். அதில் டிரிடியம் இருந்தால், பக்கத்து மழை எப்படியோ அந்த வெடிப்புக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரியும். அடுத்த கடனை ஏரி தூர்வாருவதிலோ பண்ணைக்குட்டையிலோ போட்டால் பலன் உண்டு. டிரிடியம் இல்லையென்றால் அது பூட்டிக் கிடந்த பெட்டி. நம் மழை அதற்குள் போவதில்லை. மோட்டார் ஓட ஓடக் குறையும், குட்டை வெட்டினாலும் அந்த வெடிப்பு நிறையாது. அப்படித் தெரிந்தால் பாதித் தோப்பை மானாவாரிப் பயிருக்கு மாற்றலாமா, சொட்டுநீர் போடலாமா என்று முன்கூட்டியே யோசித்திருப்பார். எந்த முடிவும் அவருடையது. ஆனால் முடிவெடுக்கத் தேவையான எண் அவர் கையில் இருந்திருக்க வேண்டும்.

"பழைய தண்ணியா இருந்தா என்ன, பூமிக்குள்ளே கிடந்து யாருக்கு லாபம்? தங்கத்தை வெட்டி எடுக்கலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. என் மைத்துனர் கேட்டார். நியாயம்தான். லிபியா அப்படித்தான் செய்தது. பாலைவனத்தின் அடியிலிருந்து பல்லாயிரம் ஆண்டு பழைய நீரை எடுத்துக் கடற்கரை நகரங்களுக்குக் கொண்டுபோகும் மாபெரும் குழாய்த் திட்டத்தை 1984-ல் தொடங்கி, 1991-ல் பெங்காசிக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர் பழசு, திரும்ப ஊறாது என்பது தெரிந்தே செய்தார்கள். தெரிந்து செலவழிப்பதோடு எனக்குச் சண்டை இல்லை. குடிநீருக்கு வழியில்லாத கிராமத்துக்கு ஆயிரம் அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். அமெரிக்காவும் சீனாவும் சேர்ந்து எடுப்பதைவிட அதிகமாக நிலத்தடி நீரை எடுக்கும் நாடு நம்முடையது. அதில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு பாட்டன் சொத்து என்று பிரித்து எழுதாமலே செலவு செய்துகொண்டிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஒவ்வொரு போருக்கும் சோதனை செய்யச் சொல்லவில்லை. செலவும் தாங்காது, ஆய்வுக்கூடங்களும் தாங்கா. தமிழ்நாட்டில் நிலத்தடி நீர் நிலவரத்தைப் பகுதி வாரியாகக் கணக்கிட்டு, அதிநுகர்வு, அபாயகரமானது, மிதமான அபாயம், பாதுகாப்பானது என்று வகைப்படுத்துகிறார்கள். அதற்கென்று கண்காணிப்புக் கிணறுகளும் இருக்கின்றன. அதிநுகர்வு என்று குறித்த பகுதிகளில் மட்டும், ஆழமில்லாத கிணறு ஒன்று, ஆழமானது ஒன்று, பத்து வருடத்துக்கு ஒருமுறை டிரிடியமும் கார்பன்-14-ம் பார்த்தால் போதும். முடிவை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். "இந்தப் பகுதியில் 600 அடிக்குக் கீழ் உள்ள தண்ணீரில் 1950-க்குப் பிந்திய மழை இல்லை" என்று ஒரு வரி. போர் போடப் போகிறவர் படித்துவிட்டுப் போடட்டும்.

மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம், அகமதாபாத், ஐதராபாத், ரூர்க்கி தேசிய நீரியல் நிறுவனம் என்று வேலை தெரிந்தவர்கள் நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறார்கள். டிரிடியத்துக்கு வேண்டியது ஒரு லிட்டர் தண்ணீர். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் நின்ற பழைய நீர் போன பிறகு, குமிழி இல்லாமல் புட்டியை நிரப்பி, மூடியை இறுக்கி, எடுத்த தேதியையும் கிணற்றின் ஆழத்தையும் மேலே எழுத வேண்டும். மாதிரி எடுக்கப் போகும் எங்கள் பையன்கள் தினமும் செய்கிற வேலைதான் இது.